கடலூர், புதுச்சேரி மழைக்கு ஏற்ற கார் டயர்: முழுமையான வழிகாட்டி

டயர் தேடும்போது "விண்டர் டயர்" என்று எங்காவது கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் ஊர்களுக்காக, பனியிலும் இறுகிவிடாத மிருதுவான ரப்பரில் செய்தது அது. மலை உருவத்துக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை அதன் அடையாளம். நம் கடற்கரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த வெயிலில் விண்டர் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும்.

நமக்குக் குளிர்காலம் என்றால் மழைதான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆகவே இங்கே டயர் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதல்ல; "தண்ணீர் நிற்கும் ரோட்டில் இது பிடிக்குமா?" என்பதுதான். ஐப்பசி பிறக்கும் முன், செப்டம்பர் மாதத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. முதல் பெருமழைக்கு மறுநாள் கடைக்குப் போனால், இருக்கும் டயரைத்தான் மாட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

டயருக்கு அடியில் என்ன நடக்கிறது

185 மி.மீ. அகல டயர் ஒன்று, 3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் வரும். ஒவ்வொரு நொடியும் ஒரு குடம் தண்ணீரை டயர் தன் அடியிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். அந்தத் தண்ணீர் போக வழி, டயரில் வெட்டியிருக்கும் காடிகள் மட்டுமே. காடி தேய்ந்துவிட்டால் தண்ணீர் முன்பக்கம் தேங்கி ஆப்பாக உள்ளே நுழையும். டயர் ரோட்டை விட்டு எழும்பும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக்கை அழுத்தினாலும் பலன் இருக்காது. இதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள்.

காற்றழுத்தத்துக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து வகுத்த கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது: பிஎஸ்ஐ அளவின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 33 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 95 கி.மீ.; 25 பிஎஸ்ஐ என்றால் சுமார் 83 கி.மீ. கார் டயருக்கு இது தோராயமே. காடி தேய்ந்திருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும். ஆனால் திசை தெளிவு: காற்று குறையக் குறைய ஆபத்து கூடும். "மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டினால் கிரிப் வரும்" என்று பலரும் நம்பிச் செய்கிறார்கள். மணலிலோ சேற்றிலோ சிக்கிய வண்டிக்கு அது பொருந்தும். தார் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அது நேர் எதிரான விளைவைத் தரும்.

முதலில், இப்போது இருக்கும் டயரைப் பாருங்கள்

புது டயரில் காடி 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருப்பதைப் பார்க்கலாம். தேய்ந்த ரப்பரும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் 1.6 என்பது அபராதத்திலிருந்து தப்பிக்கும் அளவுதானே தவிர, ஈசிஆரில் மழை நேரத்தில் காப்பாற்றும் அளவல்ல. அக்டோபர் தொடக்கத்தில் 3 மி.மீ.க்குக் கீழே இருக்கும் டயரோடு மழைக்காலத்தில் நுழையாதீர்கள். 3.5 இருந்து, நீங்கள் மாதம் 2,000 கி.மீ. ஓடுபவர் என்றாலும் மாற்றிவிடுவதே சரி. தை வருவதற்குள் அது 3-க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆழம் பார்க்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மலிவுதான். ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உள் ஓரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தினால் முன் டயரின் முகம் வெளியே தெரியும். பின் டயருக்கு வண்டியின் பின்னால் குனிந்து, டார்ச் அடித்துக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே 4 மி.மீ. காட்டும் டயர் உள்ளே மொட்டையாகி, கம்பி தெரியும் நிலையில் இருப்பது அபூர்வமல்ல.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதே வண்டியின் நோயைச் சொல்லிவிடும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் இருந்தால் டோ கோணத்தில், அதாவது சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவில் பிழை. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அடுத்த 10,000 கி.மீ.க்குள் அதுவும் இதே கோலத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது வயது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரிப்புத் தேதி. 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் காணாவிட்டால் உள்பக்கம் தேடுங்கள். ரப்பர் வயதாக ஆக இறுகும். இறுகிய ரப்பர் காய்ந்த ரோட்டில் வித்தியாசம் காட்டாது, நனைந்த ரோட்டில் வழுக்கும். வெயிலிலேயே நிற்கும் வண்டி என்றால் 5 ஆண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் சோதித்து, 6-இல் மாற்றிவிடுவதே எங்கள் பரிந்துரை. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு இது கூடுதலாகவே பொருந்தும்: காடி நிறைய இருக்கும், ரப்பர் செத்திருக்கும்.

பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு புடைப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதை ஒட்டவோ தைக்கவோ முடியாது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

சைஸ்: கூட்டாதீர்கள்

185/65 ஆர்15 88ஹெச் என்ற எழுத்தை இப்படிப் படிக்க வேண்டும்: அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம்; ரேடியல் டயர்; ரிம் 15 அங்குலம்; ஒரு டயர் தாங்கும் எடை 88, அதாவது 560 கிலோ; வேக வரம்பு ஹெச், அதாவது 210 கி.மீ. எடைக் குறியீட்டில் 82 என்றால் 475, 84 என்றால் 500, 91 என்றால் 615 கிலோ. வேகத்தில் டி 190, வி 240. கம்பெனி கொடுத்ததைவிட எடைக் குறியீடும் வேகக் குறியீடும் ஒருபோதும் குறையக் கூடாது, கூடினால் தவறில்லை. உங்கள் வண்டிக்கு எது என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

அகலமான டயர் போட்டால் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் தவறு. காய்ந்த ரோட்டில் அது உண்மையாக இருக்கலாம். நிற்கும் தண்ணீரில் அகல டயர் கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டும். அதே எடை பரந்த இடத்தில் பரவுவதால் எளிதில் மிதக்கவும் செய்யும். அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்குவதிலும் சிக்கல் உண்டு. 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.; 185/65 ஆர்15-க்கும் 195/55 ஆர்16-க்கும் ஏறத்தாழ அதே 620தான். ஆகவே ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனால் பக்கச்சுவர் 132-இலிருந்து 107 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. இந்திரா காந்தி சிலை சதுக்கத்திலோ மஞ்சக்குப்பத்திலோ தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளத்தில் இறங்கும்போது அந்த 25 மி.மீ. குறைவுதான் புடைப்பாக வெளிப்படும். ஒரே மாடல் காருக்கு கம்பெனியே இரண்டு சைஸ் கொடுத்திருந்தால், இந்தச் சாலைகளுக்கு உயரமான பக்கச்சுவர் உள்ளதே நல்ல தேர்வு.

பட்டன், ரப்பர், முத்திரைகள்

பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பரின் வெட்டு அமைப்பு, மூன்று வகை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது சாதாரண வகை: விலை குறைவு, எப்படி வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம். உள் பாதி ஒரு மாதிரியும் வெளிப் பாதி வேறு மாதிரியும் இருப்பது அடுத்தது, இரட்டை வகை. உள் பாதியில் அகலக் காடிகள் தண்ணீரை வெளியேற்ற, வெளிப் பாதியின் திண்டான கட்டைகள் வளைவில் தாங்கும். "அவுட்சைட்" என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும். மூன்றாவது, அம்பு முனைபோல் வெட்டியது, சுழலும் திசை குறித்திருக்கும். நிற்கும் தண்ணீரை வாரி இறைப்பதில் இதுதான் முதலிடம். ஆனால் விலை கூடுதல், சத்தமும் வரும், ஸ்டெப்னியை இரு பக்கத்துக்கும் பயன்படுத்துவதில் தொல்லை உண்டு.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையிலும் ஈசிஆரிலும் தினம் 80-க்கு மேல் ஓடுபவருக்குத் திசை குறித்த டயரோ, நல்ல இரட்டை வகை டயரோ கொடுக்கும் காசுக்குத் தகும். கடலூருக்குள்ளும் பாகூர், பண்ருட்டி பக்கமும் 50, 60-இல் சுற்றுபவருக்கு நான்கு அகலக் காடி உள்ள இரட்டை வகையே போதும். அந்தப் பக்கம் தண்ணீரோடு சேறும் உண்டு. வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் களிமண்ணை ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும், தூறல் விழுந்ததும் அது எண்ணெய் பூசிய தரையாகிவிடும். மெல்லிய வெட்டுகள் நிறைய உள்ள பட்டன் அங்கே உதவும். எஸ்யூவிக்காரர்கள் இதைக் கேட்டு முரட்டுப் பட்டன் உள்ள ஆல்-டெரெய்ன் டயருக்குப் போக வேண்டாம். அது காட்டுப் பாதைக்கானது. நனைந்த தார் ரோட்டில் அதன் பிரேக் பிடிப்பு சாதாரண ரோட்டு டயரைவிடக் குறைவு.

ரப்பரில் சிலிக்கா கலந்திருக்கிறதா என்று பாருங்கள், கம்பெனியின் விவரப் பக்கத்தில் இருக்கும். ஈரப் பிடிப்புக்கும் எரிபொருளுக்கும் ஒருசேர உதவும் கலவை அது. ட்ரெட்வேர் என்ற எண் பல டயர்களில் பக்கச்சுவரிலேயே இருக்கும். எண் கூடக் கூட டயர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பெரும்பாலும் ரப்பர் கடினமாக இருக்கும். அதன் பக்கத்தில் டிராக்ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என ஒரு தரம் இருக்கும். மழைக்கு ஏஏ அல்லது ஏ தரம்தான் வேண்டும். அதற்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். டிராக்ஷன் தரமும், இறக்குமதி டயரில் ஒட்டி வரும் ஐரோப்பிய லேபிளின் ஈரப் பிடிப்புத் தரமும் லேசாக நனைந்த ரோட்டில் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்த சோதனைகள். ஆழத் தண்ணீரில் மிதக்குமா என்பதை அவை சொல்லாது. அதற்கு நீங்களே காடியின் அகலத்தையும் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நட்சத்திர லேபிள் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது; மழைக்கு அதை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

கடையில்

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கார் டயரை வாங்காதீர்கள். அதன் தர எண் ஐஎஸ் 15633. தயாரிப்பு வாரத்தை நான்கு டயரிலும் நீங்களே படியுங்கள், ஒன்றைக் காட்டி மற்றதை மாட்டுவது நடக்கும். 6 மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஓராண்டைத் தாண்டியது வேண்டாம். எம்ஆர்எஃப் தொழிற்சாலை நெட்டப்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகக் கடையில் இருப்பதெல்லாம் புதுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அதிகம் விற்காத சைஸ் எந்தக் கம்பெனியானாலும் கடையில் தூங்கும்.

டயர் எண்கள் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள். பழைய டயரை மெருகேற்றி விற்பதையும், காடியை மறுபடி வெட்டியதையும் காருக்கு மாட்டவே கூடாது.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே?

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. கையில் பணம் இரண்டுக்குத்தான் என்றால், புது ஜோடி பின்னால் போக வேண்டும். இதைச் சொன்னால் பல கடைகளில் மறுப்பார்கள்: "முன்னாடிதான் இன்ஜின் வெயிட்டு, ஸ்டியரிங்கும் அங்கதான் சார்." முன்வீல் இழுக்கும் வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும் என்பது சரி. ஆனால் கேள்வி, தண்ணீரில் எந்த முனை முதலில் பிடியை விட்டால் உங்களால் சமாளிக்க முடியும் என்பதே. முன் டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின் டயர் மிதந்தால் வண்டியின் வால் சுழன்று எதிர்த் திசைக்குப் போய்விடும். அதைத் திருத்த பயிற்சி பெற்ற டிரைவருக்கே நேரம் இருக்காது. ஆகவே நல்ல காடி பின்னால். ஏற்கெனவே பின்னால் இருந்த டயர் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதை முன்னால் கொண்டு வாருங்கள்.

ஒரே அச்சில் இரண்டு கம்பெனி டயர் வேண்டாம்.

மாட்டும்போது

கடலோர வண்டிகளில் மிகுதியாகக் கெடுவது ரிம். டயரைக் கழற்றியதும் ரிம்மை உங்கள் கண்ணால் பாருங்கள். டயரின் ஓரம் உட்காரும் வளையத்தில் இரும்பு ரிம் என்றால் செதில் செதிலாகத் துரு இருக்கும். அலாய் என்றால் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை அது. அதன் மேலேயே புது டயரை ஏற்றினால் வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடைக்காரர் எத்தனை முறை தேடினாலும் ஆணி கிடைக்காது. கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, பீட் சீலர் என்ற கசிவு அடைக்கும் பசை தடவி ஏற்றச் சொல்லுங்கள். காற்று நிரப்பிய பின் ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் பாருங்கள். ஊசிமுனைக் குமிழி வரிசையாக வந்தால் மறுபடி கழற்றத்தான் வேண்டும். கசிவை நிறுத்த டியூப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டால் சூடு ஏறும், பஞ்சரானால் காற்று மெதுவாகக் குறையாமல் ஒரேயடியாகப் போய்விடும்.

ரப்பர் வால்வை ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் புதிதாகப் போடுங்கள். பிறகு நான்குக்கும் பேலன்சிங், அதன்பின் அலைன்மென்ட். சரிசெய்யும் முன்னும் பின்னும் எடுத்த அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முடுக்கி விட்டுவிடுவார்கள். வண்டிக் கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். புது டயரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 300 கி.மீ. மழையில் வேகமும் திடீர் பிரேக்கும் வேண்டாம்.

மழை நாட்களில்

15 நாளுக்கு ஒருமுறை, வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு காற்றைப் பாருங்கள். சூடான டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்தால் காலையில் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் சுமார் 2 பிஎஸ்ஐ தானாகவே குறையும், மே மாதம் வைத்த அளவு நவம்பரில் இருக்காது. நைட்ரஜனா சாதாரணக் காற்றா என்பது மழைப் பிடிப்பில் எந்த வேறுபாடும் செய்யாது.

டயர் எவ்வளவு நல்லதானாலும், கெடிலம், தென்பெண்ணைக் கரையோரச் சாலைகளில் ஓடும் தண்ணீரைத் தாண்ட அது உதவாது. அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நீரோட்டம். தரை தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டினால் ஈரம் காயும். 60-க்கு மேல் புதிதாக ஸ்டியரிங் ஆடினால் பேலன்சிங் கட்டை விழுந்திருக்கலாம், அல்லது ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பியிருக்கும். முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள். பஞ்சர் என்றால் பட்டன் பகுதியில் 6 மி.மீ.க்குள் உள்ள துளையை மட்டும், டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவப் பேட்ச் போட்டு ஓட்டலாம். வெளியிலிருந்து குத்தும் திரி ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும். பக்கச்சுவரில் பஞ்சர் என்றால் டயரையே மாற்ற வேண்டும்.

ஸ்டெப்னியையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். தேதி, காற்று, ஜாக்கி, ஸ்பேனர் நான்கும். சில புது வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் கிட்டும் பம்பும்தான் வரும். அந்தத் திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, புடைப்புக்கோ பக்கவாட்டுக் கிழிசலுக்கோ அது பயன்படாது. ஸ்டெப்னி முதன்மை டயரைவிடச் சிறியது என்றால் அதில் எழுதியிருக்கும் 80 கி.மீ. வரம்பு காய்ந்த ரோட்டுக்கானது என்று எடுத்துக்கொண்டு, மழையில் 50-க்குள் ஓட்டுங்கள். முன்வீல் இழுக்கும் வண்டியில் முன் டயர் பஞ்சரானால் சிறிய ஸ்டெப்னியை எங்கே மாட்ட வேண்டும் என்பதை வண்டிக் கையேட்டில் பாருங்கள். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தை மழை தொடங்கும் முன்பே படித்து, பக்க எண்ணை ஸ்டெப்னி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.